கிட் ஓடவில்லையா? எழுதும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

"கிட் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?"

நாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் ரேடியோ கிட்களை வடிவமைத்து விற்பவருக்கு அடிக்கடி வரும் கடிதம் இந்த ஒரு வரிதான். இதில் வசவு இல்லை, கோபம் இல்லை. இருந்தாலும் பெறுபவருக்கு இதைவிடச் சலிப்பூட்டும் கடிதம் கிடையாது. எந்தக் கிட், போர்டின் எந்தப் பதிப்பு, ஒலியே வரவில்லையா, ஒலி வந்து டிரான்ஸ்மிட் மட்டும் ஆகவில்லையா, எதுவும் சுட்டதா, புகைந்ததா என்று எல்லாவற்றையும் அவரே கேட்டு வாங்க வேண்டும். நான்கு கடிதம் போய் வந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். இந்தக் கிட்களுக்குப் பின்னால் பல நேரங்களில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பகல் வேலையை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து பாகங்களை எண்ணிப் பையில் போடுகிறவர்கள். அவர்களிடம் மரியாதையாக நடப்பதில் "ஐயா", "தயவுசெய்து" எல்லாம் பாதிதான். மீதி, அளந்து எழுதும் எண்களில் இருக்கிறது.

பாகம் குறைகிறது என்று எழுதும் முன்

சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்பே எல்லாப் பாகங்களையும் பட்டியலோடு சரிபார்த்துவிடுங்கள். பாதி போர்டைக் கட்டி முடித்த பிறகு "சி14 (14-ஆம் கெப்பாசிட்டர்) வரவில்லை" என்று எழுதினால், அது பையிலேயே வரவில்லையா அல்லது சி41-இன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

காணோம் என்று நினைக்கும் பாகம் பெரும்பாலும் வேறு வேடத்தில் அங்கேயே கிடக்கும். செராமிக் கெப்பாசிட்டரில் 104 என்றிருந்தால் 0.1 மைக்ரோஃபாரட், 103 என்றால் 0.01, 101 என்றால் 100 பிகோஃபாரட், 471 என்றால் 470 பிகோஃபாரட். பருத்த ரெசிஸ்டர் போலத் தெரிவது இண்டக்டராக இருக்கலாம். மீட்டரை ஓம் நிலையில் வைத்துத் தொட்டால் சில ஓம்கள் மட்டுமே காட்டும். ஐந்து வளைய ரெசிஸ்டர்கள் இன்னும் மோசம். 10 கிலோ ஓம் என்பது பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. அதையே தலைகீழாகப் படித்தால் 120 ஓம் ஆகிவிடும், அப்படியும் ஒரு ரெசிஸ்டர் பட்டியலில் இருந்து தொலைக்கும். மஞ்சள் விளக்கொளியில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் வண்ணத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பாருங்கள்.

ஐசி குத்தியிருக்கும் கருப்பு ஸ்பாஞ்சின் அடிப்பக்கம், ஒட்டுநாடாவின் மடிப்பு, டொராய்டு எனும் கம்பி சுற்றும் வளையங்களின் பை மூலை, இவற்றையும் பார்த்தாயிற்று. இன்னும் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லை. அது சாதாரண ரெசிஸ்டர் அல்லது 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் நீங்களே வாங்கிப் போட்டுவிட்டு, "பையில் ஆர்9 இல்லை, இங்கேயே வாங்கிவிட்டேன், அடுத்த பைகளில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஒரு ரெசிஸ்டருக்காக அவர் உறை போட்டுத் தபால் ஒட்டுவது இருவருக்குமே வீண். புரோகிராம் செய்யப்பட்ட மைக்ரோகண்ட்ரோலர், ஃபில்டருக்காக அலைவெண் பார்த்துப் பொறுக்கி இணை சேர்த்த கிரிஸ்டல்கள் போன்றவற்றைத் தயங்காமல் கேளுங்கள். கிரிஸ்டல் ஒன்று குறைந்தால் வெளியில் ஒன்றை வாங்கிச் செருக வேண்டாம். மேலே அதே எண் அச்சாகியிருந்தாலும் சில நூறு ஹெர்ட்ஸ் விலகல் போதும், ஃபில்டரின் வடிவம் கெட்டுவிடும். அப்புறம் "ரிசீவர் மந்தமாக இருக்கிறது" என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும்.

பெட்டி நசுங்கி வந்திருந்தால் பிரிக்கும் முன்பே படம் எடுத்துவையுங்கள். தூக்கி எறிந்த அட்டைப்பெட்டியைக் காட்டி யாரிடமும் இழப்பீடு கேட்க முடியாது.

முதல் மின்சாரம்

மின்சாரம் கொடுப்பதற்கு முன் சப்ளை முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்து எழுதிவையுங்கள். கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆவதால் எண் மெல்ல ஏறும், அது சரியானதே. சில ஓம்களிலேயே நின்றுவிட்டால் ஷார்ட், மேலே போகாதீர்கள்.

கரண்ட் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை இருந்தால் 100 மில்லி ஆம்பியரில் வையுங்கள். இல்லாவிட்டால், ரிசீவில் சிறிதளவே கரண்ட் எடுக்கும் கிட்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: 12 வோல்ட் கோட்டில் தொடராக 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர். போர்டில் முழு ஷார்ட் இருந்தாலும் 120 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது, ரெசிஸ்டரில் விழுவதும் 1.5 வாட்டுக்குள்தான். அதோடு அதன் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்தால் ஒவ்வொரு வோல்ட்டும் 10 மில்லி ஆம்பியர் என்று கரண்டையும் படித்துக்கொள்ளலாம். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள், அது இருக்கும்வரை டிரான்ஸ்மிட் முயலக் கூடாது.

"ஆன் செய்தேன், புகை வந்தது" என்று தொடங்கும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது கடினம். எது முதலில் போனது, எது அதனால் போனது என்று பிரிக்கவே முடியாது. கரண்ட் வரம்போடு தொடங்கிய போர்டில் அநேகமாக ஒரே ஒரு கோளாறுதான் இருக்கும்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்

டொராய்டிலிருந்து தொடங்கலாம். சுற்றும் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. அது போகாமல் சால்டர் செய்தால், பார்க்கப் பளபளவென்று நல்ல இணைப்புப் போலவே இருக்கும், உள்ளே தொடர்பே இருக்காது. சில கம்பிகளின் பூச்சு ஏறத்தாழ 390, 400 டிகிரியில் உருகிய ஈயத்துளிக்குள் சில விநாடி பிடித்தால் கரைந்துவிடும். சிலவற்றைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டியே ஆக வேண்டும். கம்பி முனை முழுவதும் வெள்ளியாக ஈயம் ஏறிய பிறகுதான் போர்டில் நுழைக்க வேண்டும். சோதிக்கும்போது மீட்டர் முனையைக் கம்பியில் வைக்காதீர்கள். போர்டின் அடியில் அந்தச் சுருளின் இரண்டு பேட்களையும் (சால்டர் பிடிக்கும் செம்புப் புள்ளிகள்) தொடுங்கள், 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. கம்பி துளை வழியாக ஒரு முறை போனாலே ஒரு சுற்று. வெளிப்பக்கம் தெரியும் கோடுகளை எண்ணுகிறவர்களுக்கு ஒன்று கூடவோ குறையவோ செய்யும். ஒரு சுற்றில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். டி37-6 மஞ்சள் வளையத்தில் 14 சுற்றுக்கு 0.59 மைக்ரோஹென்றி, 15 சுற்றுக்கு 0.68. பதினைந்து சதவீதம் கூடிவிட்டது. உயர் அலைவெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரில் இப்படி நடந்தால் வெட்டும் அலைவெண் கீழே இறங்கி, உங்கள் பேண்டின் பவரையே விழுங்கும். மஞ்சளுக்குப் பதில் அதே அளவுள்ள சிவப்பு டி37-2 வளையத்தை எடுத்துவிட்டாலோ, 20 சுற்றுக்கு 1.2 வர வேண்டிய இடத்தில் 1.6 வரும். "5 வாட் கிட் என்று சொல்லி விற்றீர்கள், 2 வாட்தான் வருகிறது" என்று குற்றம் சாட்டும் முன் சுற்றுகளை ஒரு குண்டூசியால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பாருங்கள். சிறு வித்தியாசத்தைச் சுற்றுகளை நெருக்கியோ விலக்கியோ சரிசெய்யலாம். நெருக்கினால் இண்டக்டன்ஸ் கூடும்.

டிரான்சிஸ்டர் கால்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை, குறிப்பாக நீங்களே மாற்றுப் பாகம் போட்டிருந்தால். தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் 2என்3904 இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547 அதற்கு நேர்மாறு: கலெக்டர், பேஸ், எமிட்டர். இதைவிடக் குழப்பம், பிஎன்2222ஏ முதல் வகை, பி2என்2222ஏ இரண்டாம் வகை. நடுவில் ஒரு 2 கூடியதில் கால்கள் தலைகீழ்! போர்டில் வரைந்த அரைவட்டத்தைப் பார்த்து அப்படியே செருகினால் அலைவெண்ணை உருவாக்கும் ஆசிலேட்டர் ஓடாது, அல்லது பலவீனமாக ஓடும். மீட்டரை டையோடு நிலையில் வைத்தால் பேஸிலிருந்து மற்ற இரு கால்களுக்கும் 0.6 முதல் 0.7 வரை காட்டும். இரண்டில் எண் சற்றுக் கூடுதலாக இருப்பது எமிட்டர்.

கெப்பாசிட்டரிலும் மாற்றுப் பாகம் வம்பு செய்யும். ஆசிலேட்டரிலும் ஃபில்டரிலும் வெப்பத்தால் மதிப்பு மாறாத என்பி0 வகை கேட்டிருக்க, மதிப்பு ஒன்றுதானே என்று எக்ஸ்7ஆர் போட்டால் அறை சூடாகச் சூடாக அலைவெண் நகரும். இதை வடிவமைப்பின் குறை என்று எழுதுவது அநியாயம். எந்த மாற்றுப் பாகம் போட்டிருந்தாலும் அதைக் கடிதத்தின் முதல் ஐந்து வரிகளுக்குள் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்து மூன்றாம் கடிதத்தில் "ஆமாம், அது மட்டும் வேறு" என்று ஒப்புக்கொண்டால் அதற்குள் எதிர்ப்பக்கம் பொறுமை தீர்ந்திருக்கும். மாற்றி வயரிங் செய்த போர்டு என்றால் முதலில் மூல நிலைக்குக் கொண்டுவந்து, அப்போதும் கோளாறு இருந்தால் மட்டுமே எழுதுவது நியாயம்.

குளிர்ந்த சால்டர், பக்கத்துப் பேட்டோடு ஒட்டிய ஈயப்பாலம், தலைகீழ் எலக்ட்ரோலிட்டிக், இவையெல்லாம் எல்லாக் கையேடும் சொல்பவை. கிரவுண்டில் சேரும் கால்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். பெரிய செம்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்வதால் அங்கேதான் ஈயம் பந்தாக மேலே நிற்கும், கீழே பிடித்திருக்காது.

கடிதம்

வடிவமைப்பாளர் திருத்தப் பட்டியல் வெளியிட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். நல்ல கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் 40 மீட்டர் சிடபிள்யூ (மோர்ஸ்) டிரான்சீவர் கிட், போர்டு பதிப்பு 2, கையேடு பதிப்பு 2.1. எல்லாப் பாகங்களும் பையில் வந்தவையே, மாற்றம் எதுவும் செய்யவில்லை. ரிசீவரில் பேண்டின் இரைச்சல் இல்லை. ஹெட்ஃபோனில் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் கேட்கிறது. சப்ளை 11.8 வோல்ட். கரண்ட் 15 மில்லி ஆம்பியர், கையேட்டில் 18. எல்எம்386: 6-ஆம் காலில் 11.5, 5-ஆம் காலில் 5.7, 3-ஆம் காலை ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் 'ர்ர்ர்' என்று கேட்கிறது. 78எல்05 வெளியீடு 5.0. ஆனால் எஸ்ஏ612-இன் 8-ஆம் காலில் 0. இடையில் இருப்பது எல்4 சோக். போர்டின் இரு பக்கப் படங்களையும் இணைத்திருக்கிறேன். அடுத்து எங்கே அளக்கலாம்?"

இதில் புகழ்ச்சியும் இல்லை, புலம்பலும் இல்லை. ஆடியோ சிப்பான எல்எம்386-இன் ஐந்தாம் காலில் சப்ளையின் பாதி இருப்பதால் ஆடியோ பகுதி நலம் என்று படிப்பவருக்கு உடனே தெரிகிறது. 5 வோல்ட் ரெகுலேட்டரான 78எல்05-உம் நலம். ஐந்து வோல்ட் எங்கே தொலைகிறது என்பதும் தெரிகிறது: கையால் சுற்றிய எல்4 சுருள், எனாமல் போகாத முனை. உண்மையைச் சொன்னால், இந்த அளவு எழுதி முடிக்கும்போதே எழுதுகிறவருக்கே விடை தெரிந்துவிடும். அனுப்பாமலேயே அயர்னை எடுக்கலாம்.

வோல்ட் அளவுகள் எல்லாம் கிரவுண்டை ஒப்பிட்டவை என்பதையும், ரிசீவிலா மோர்ஸ் கீ அழுத்திய நிலையிலா என்பதையும் குறிப்பிடுங்கள். எஸ்ஏ612 போன்ற மிக்ஸர் சிப்பின் 1, 2-ஆம் கால்களில் 1.4 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்பது போன்ற எதிர்பார்ப்பு எண் தெரிந்தால் பக்கத்திலேயே எழுதுங்கள். டிரான்ஸ்மிட் கோளாறு என்றால் சப்ளை வோல்ட், கீ அழுத்தியபோது எடுத்த கரண்ட், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் இணைக்கும் ரெசிஸ்டர்) வந்த பவர், மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். 12 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் எடுத்து 5 வாட் தந்தால் திறன் 60 சதவீதம், கவலையில்லை. அதே கரண்டில் 1 வாட் வந்தால் ஃபில்டரையோ இறுதி டிரான்சிஸ்டரின் சுருளையோ பார்க்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார்.

டம்மி லோடு இல்லையென்றால் 1 கிலோ ஓம், 1 வாட் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகச் சேருங்கள்: 50 ஓம், 20 வாட் தாங்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது, அதுவே ஒரு சுருள். அதன் மேல் ஒரு டையோடும் கெப்பாசிட்டரும் வைத்து உச்ச வோல்ட்டை அளந்தால், வோல்ட்டின் வர்க்கத்தை நூறால் வகுத்த எண்தான் வாட். 5 வாட்டுக்கு ஏறத்தாழ 22.4 வோல்ட், டையோடில் விழும் சிறு இழப்பு தனி. கீயை பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். வெறும் ஆன்டெனா சாக்கெட்டோடு டிரான்ஸ்மிட் செய்துவிட்டு "இறுதி டிரான்சிஸ்டர் தானாகவே போய்விட்டது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எழுதுங்கள், ஆனால் லோடு இல்லாமல் அழுத்தினேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படம் எடுக்கும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு சால்டர் விட்டுச்சென்ற ஃபிளக்ஸ் பிசினைத் துடைத்துவிடுங்கள். பழுப்புக் கறைக்கு அடியில் ஈயப்பாலம் ஒளிந்திருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டு வெளிச்சம் போதும். ஐசியின் எழுத்தும் ரெசிஸ்டரின் வளையமும் படிக்கும்படி இருக்க வேண்டும். மங்கலான படம் பத்து அனுப்புவதைவிடத் தெளிவான படம் இரண்டு மேல்.

கையேட்டில் பிழை கண்டுபிடித்ததாகத் தோன்றினால் தொனியில் கொஞ்சம் இடம் விட்டுப் பேசுங்கள். "கையேடு தப்பு" என்பதற்குப் பதில் "பக்கம் 14, படி 6: படத்தில் டி3 டையோடின் கோடு இடப்பக்கம், போர்டில் வலப்பக்கம். எதைப் பின்பற்றுவது?" என்று கேட்கலாம். பிழை அவருடையது என்றால் அவரே சொல்லிவிடுவார். உங்கள் பார்வைப் பிழை என்றாலும் யாருக்கும் முகம் சிவக்காது.

பதில் வரும்வரை

ஒரு வாரம் பொறுங்கள். பிறகு பழைய கடிதத்தின் கீழேயே ஒரு நினைவூட்டல். ஒரே கேள்வியை ஒரே நாளில் ஐந்து பேரிடம் கேட்பது வேண்டாம். ஐந்து பேரும் தனித்தனியே மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஒருவர் சொன்னபடி எல்4-ஐ மாற்றிய பிறகு மற்ற நால்வரின் ஆலோசனையும் இல்லாத போர்டைப் பற்றியதாகிவிடும். அவர் ஓர் அளவீடு கேட்டால் அதை மட்டும் எடுத்து அனுப்புங்கள். இடையில் உங்கள் யோசனைப்படி மூன்று பாகங்களைக் கழற்றிவிட்டால் முன்பு அனுப்பிய எண்கள் செல்லாது.

கோளாறு தீர்ந்ததும் எதனால் என்று கட்டாயம் சொல்லுங்கள், எவ்வளவு அற்பமான காரணமாக இருந்தாலும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. ஒரே இடத்தில் பலர் தடுக்கி விழுவது தெரிந்தால்தான் கையேட்டின் அடுத்த பதிப்பில் அந்த இடத்தில் ஒரு வரி சேரும்.

உங்களால் முடியவில்லை, அவரே பழுதுபார்க்க வேண்டும் என்றால் கேட்காமல் அனுப்பாதீர்கள். கட்டணம் எவ்வளவு, எந்த வரம்பைத் தாண்டினால் உங்களைக் கேட்க வேண்டும், திரும்பி வரும் தபால் செலவு யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள். போர்டை ஆன்டிஸ்டாடிக் பையில் போட்டு, பேட்டரியைக் கழற்றி, டிஸ்ப்ளேயின் முகத்தில் அட்டை வைத்துக் கட்டுங்கள். கோளாறு என்ன, எவற்றை அளந்தீர்கள் என்ற தாளையும் உள்ளேயே வையுங்கள். பிரிக்காத பையை அவர் பணம் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சால்டர் வைத்த போர்டுக்கு முழுப் பணம் எதிர்பார்ப்பது சரியல்ல, அதில் இருப்பது உங்கள் கைவேலை. "இதைச் சரிசெய்ய முடியாது" என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பேட் பெயர்ந்து வந்த போர்டில் சில சமயம் அதுதான் உண்மை.

உதவி செய்யும் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கையேட்டைப் படித்தீர்களா?" என்பது பதிலாகாது, எந்தப் பக்கம் என்று சொன்னால் பதில். "எங்கேயோ ஷார்ட் பண்ணியிருப்பீர்கள்" என்று தீர்ப்பு வழங்குவதற்குப் பதில் "ஐந்தாம் காலில் எவ்வளவு காட்டுகிறது?" என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அளவீடு, அதுவும் முதலில் வோல்ட். புதிதாகச் செய்கிறவரிடம் ஆசிலாஸ்கோப் அலைவடிவம் கேட்டால் அவர் அடுத்த கிட் வாங்கவே யோசிப்பார்.

காற்றில் வந்த பிறகு

உரிமம் உள்ளவர் கட்டி முடித்த கிட்டின் குறை சில சமயம் அவருக்குத் தெரிவதே இல்லை, கேட்கிறவருக்குத்தான் தெரியும். கீ அழுத்தும்போது சுருதி வழுக்கினால் அது சிர்ப். இதைத் தெரிவிக்க ஹாம்களிடம் (அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள்) நாசூக்கான பழைய வழி இருக்கிறது. சிக்னலின் தெளிவு, வலிமை, தொனியை மூன்று இலக்கத்தில் சொல்லும் ரிப்போர்ட்டை 579 என்று கொடுக்கும்போது கூடவே சி சேர்த்து 579சி என்றால் சிர்ப் இருக்கிறது என்று பொருள். கே சேர்த்தால் கீ கிளிக், கீ அழுத்தி விடும்போது கேட்கும் 'டிக்' ஓசை. பொதுவெளியில் யாரையும் குத்திக்காட்டாமல் விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எல்லாருக்கும் முழு மதிப்பெண்ணான 599 கொடுத்துப் பழகிய நாட்களில் இது அரிதாகிவிட்டது, அந்தச் செல்லம்கூட ஒருவகையில் மரியாதைக் குறைவுதான்.

அப்படி ஒரு சி உங்களுக்கு வந்தால் கோபப்படாமல் சப்ளையைப் பாருங்கள். கீ அழுத்தும்போது ஆசிலேட்டரின் வோல்ட் இறங்குகிறதா என்று அளந்து, மெல்லிய நீளக் கம்பி இருந்தால் தடித்த குட்டைக் கம்பியாக மாற்றி, நல்ல பேட்டரியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் சுருதி நிலைத்துவிட்டால் கிட் நிரபராதி, குறை பவர் சப்ளையில். பேட்டரியிலும் வழுக்கினால் ஆசிலேட்டருக்கும் அடுத்த நிலைக்கும் இடையே இருக்கும் பஃபரையும் ரெகுலேட்டரையும் அளந்து, அந்த எண்களோடு வடிவமைப்பாளருக்கு எழுதுங்கள்.